வெள்ளிக்கட்டி வாங்க முன்



"தங்கம் எட்டாத விலைக்குப் போய்விட்டது. சீட்டுக் காசில் வெள்ளிக்கட்டி வாங்கி வைக்கலாமா?" அண்மைக் காலமாகக் குழுக் கூட்டங்களில் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது.

2009இல் கழுத்திலும் கையிலும் கிடந்ததைக் கொடுத்து அரிசியும் பால்மாவும் வாங்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய தாய்மார் எம்மில் இருக்கிறார்கள். நகை எமக்கு வெறும் அலங்காரம் அல்ல. யாருடைய அனுமதியும் இன்றி நாமே எடுத்துச் செலவிடக்கூடிய சேமிப்பு அது. அதில் ஏமாறக்கூடாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கிகளில் அடகு வைப்பதற்குத் தங்கமே உதவும். வெள்ளியை அவசரத்துக்கு விற்கத்தான் வேண்டும். விற்கும்போது அன்றைய விலையிலும் குறைத்தே எடுப்பார்கள். ஆகவே, வைத்தியச் செலவுக்கென ஒதுக்கிய காசில் வெள்ளி வாங்காதீர்கள்.

வாங்குவதென்றால் கவனிக்க வேண்டியவை:

முத்திரை: 999 என்றால் 1000 பங்கில் 999 பங்கு வெள்ளி. 925 என்பது நகைக்குரிய கலப்பு வெள்ளி. ஆனால் இலக்கத்தை யாரும் பொறிக்கலாம். 'ஜேர்மன் சில்வர்' என்பதில் வெள்ளியே இல்லை. அது செம்பு, நிக்கல், நாகம் சேர்ந்த கலவை.

காந்தம்: காந்தம் இழுத்தால் அது வெள்ளி அல்ல. இழுக்காவிட்டால் வெள்ளி என்று முடிவுகட்டவும் கூடாது. செம்பையும் ஈயத்தையும்கூடக் காந்தம் இழுக்காது.

நீர்: கட்டியை இலத்திரனியல் தராசில் நிறுங்கள். 100 கிராம் என்று வைப்போம். பின்பு நீருள்ள கிண்ணத்தைத் தராசில் வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். கட்டியை நூலில் கட்டி, கிண்ணத்தில் முட்டாமல், நீரில் முழுதாக அமிழும்படி தொங்கவிடுங்கள். தூய வெள்ளியானால் தராசு 9.5 கிராம் அளவில் காட்டும். செம்பானால் 11 கிராமுக்கு மேல். ஈயமானால் 9 கிராமுக்குக் கீழ்.

உலோகங்களை அளவாகக் கலந்து இந்தச் சோதனையையும் ஏமாற்றலாம். எனவே பெருந்தொகை கொடுக்க முன் நம்பிக்கையான பத்தரிடம் காட்டுங்கள். மேற்பூச்சை மட்டும் உரைத்துப் பார்த்தால் போதாது. சிறிது அராவி உள்ளேயும் பார்க்கச் சொல்லுங்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிலும் மாற்றுப் பரிசோதனை செய்யலாம்.

பற்றுச்சீட்டு: நிறை, மாற்று, விலை, திகதி நான்கும் அதில் இருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வாங்கி 3 மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் நிரூபிப்பது கடினம்.

அண்மையில் ஒரு கிராமத்துக்கு வெள்ளிக்கட்டி விற்க வந்தவரிடம், "தண்ணியில நிறுத்துப் பாக்கட்டோ அண்ணை?" என்று எமது குழுச் சகோதரி ஒருவர் கேட்டார். "என்னில நம்பிக்கை இல்லையோ தங்கச்சி?" என்று கோபித்தபடி அவர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நேர்மையான வியாபாரி சோதனைக்குக் கோபிக்கமாட்டார். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், அது நீங்கள் உழைத்த காசு.