65 வயசு வரட்டும், அப்ப விடுறன்

தோழர்களே,

போன பெப்ரவரியில ஒருநாள் காலமை, மிட்லண்டும் ஷெப்பர்டும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு பார்மசியில அப்பாவோட நிண்டன். இரவு வேலை முடிச்சு நேரே வந்திருந்தார். கையில வைத்தியர் எழுதின துண்டு: வரெனிக்கிளின் குளிசை, அதோட நிக்கொட்டின் பட்ச். கவுண்டரில இருந்த பிள்ளை மரியாதையாத்தான் கேட்டா: "அங்கிள், பெனிபிட்ஸ் இருக்கோ?" இல்லை. "65 ஆச்சோ?" இல்லை, 63. அவ கணினியில தட்டிப் பார்த்து இரண்டு விலை சொன்னா. அப்பா துண்டை மடிச்சு பொக்கெற்றுக்குள்ள வைச்சார். வெளியில வந்து, பஸ் தரிப்பில நிண்டு, ஒண்டைப் பத்த வைச்சுக்கொண்டு சொன்னார்: "65 வயசு வரட்டும் பிள்ளை, அப்ப விடுறன்."

அந்த இடத்திலயே அவரோட சண்டை பிடிச்சன். சாட்டுச் சொல்லுறீங்கள் எண்டு கத்தினன். பிறகு வீட்டை வந்து சட்டதிட்டங்களை வாசிக்க வாசிக்கத்தான் விளங்கிச்சு. அப்பா சொன்னது சாட்டு இல்லை. ஒன்ராறியோ அரசின் கொள்கையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கனடாவில் மருத்துவம் இலவசம் என்று ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்குப் பெருமையாகச் சொல்கிறோம். வைத்தியரைப் பார்ப்பது இலவசம். அவர் எழுதித் தரும் மருந்து இலவசம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வெளியே விழுங்கும் குளிசைக்கு ஓஹிப் காசு கட்டாது. 65 வயது தாண்டியவர்களுக்கும் சமூக உதவிப் பணத்தில் வாழ்பவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் மட்டுமே ஒன்ராறியோ மருந்து நலத் திட்டம் இருக்கிறது. மற்றவர்கள் வேலைத்தலத்துக் காப்புறுதியை நம்ப வேண்டும். ஏஜென்சி ஊடாக வேர்ஹவுசில் பெட்டி தூக்கும் மனிதருக்கு எந்த வேலைத்தலம், எந்தக் காப்புறுதி? பதினொரு வருசமாக ஒரே கட்டடத்துக்குள் வேலை செய்தும் எங்கட அப்பா அந்தக் கொம்பனியின் ஊழியர் இல்லை. அதனால் பெனிபிட்சும் இல்லை.

சரி, 65 வந்துவிட்டது என்று வைப்போம். அப்போதாவது கதவு திறக்குமா? அரைவாசிதான் திறக்கும். 2011இல் வரெனிக்கிளினையும் புப்புரோப்பியனையும் அந்தத் திட்டத்துக்குள் சேர்த்தார்கள். ஆனால் வருசத்துக்கு 12 கிழமை மட்டும். பட்ச், சுவிங்கம் போன்ற நிக்கொட்டின் மாற்று மருந்துகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அந்த 12 கிழமைக்குள் விட்டால் உண்டு. பதின்மூன்றாம் கிழமை மகனோடு ஒரு வாய்த்தர்க்கம், ஒரு செத்தவீடு, ஒரு மே மாதம் வந்து திரும்பப் பத்த வைச்சால், அடுத்த வருசம் வா என்கிறது அரசு.

சிகரெட் விடுவது அப்படி நடக்கிற காரியம் இல்லை. ஒன்ராறியோவில் புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வந்தது. ஒருவர் வெற்றிகரமாக விடுவதற்குள் 30 தடவையோ அதற்கு மேலோ முயலவேண்டி வரலாம் என்று அது கணக்கிட்டது. மாகாணத்தின் சொந்த மக்களை வைத்துச் செய்த ஆய்வு. அப்படியிருக்க, வருசத்துக்கு ஒரு முயற்சிக்குத்தான் காசு தருவோம் என்று எந்த மூளை தீர்மானித்தது? ஒருவர் 65 வயதில் தொடங்கினால் முப்பதாவது முயற்சிக்கு அவருக்கு 94 வயசாகும்.

இன்னொரு வீட்டுக்குப் போவோம். எங்கட பக்கத்து வீட்டு மாமாவுக்கு 71 வயது. சுப்பர் விசாவில் வந்தவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும் வருவதும் அவர்தான். பெற்றோரை ஸ்பொன்சர் செய்வது லொத்தர் மாதிரி ஆகிவிட்டதால் எங்கட சனம் நிறையப்பேர் இப்படித்தான் தாய் தகப்பனைப் பார்க்கிறது. ஒரு தடவை வந்தால் ஐந்து வருசம் வரை நிற்கலாம். ஆனால் ஓஹிப் இல்லை. குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் காப்புறுதி எடுத்துக் காட்டினால்தான் விசாவே கிடைக்கும். அந்தக் காப்புறுதி அவசர சிகிச்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கும் உரியது. மாரடைப்பு வந்தால் காசு இருக்கு. மாரடைப்பு வராமல் தடுக்கிற பட்ச்சுக்குக் காசு இல்லை. எங்களுடைய பிள்ளை பராமரிப்பை இலவசமாகத் தாங்கும் ஒரு தலைமுறையை, நோய் முற்றினால் மட்டும் கண்ணில் படும் ஆட்களாக வைத்திருக்கிறது இந்த ஏற்பாடு.

"தாங்களாகப் பழகினது, தாங்களாக விடட்டும். பொதுக்காசு ஏன்?" என்று கேட்பவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். சரி, காசுக் கணக்கையே பார்ப்போம். ஒன்ராறியோ ஒரு சிகரெட்டுக்கு 18.475 சதம் புகையிலை வரி எடுக்கிறது. நாளுக்கு 20 சிகரெட் என்றால் வருசத்துக்கு ஏறக்குறைய 1,350 டொலர். மத்திய அரசின் வரியும் விற்பனை வரியும் இதற்கு வெளியே. நாங்கள் விலை கேட்ட கடையில் ஒரு கிழமைக்கான பட்ச் பெட்டி 30 டொலர் அளவில் இருந்தது. பத்துக் கிழமைக்கு 300. அப்பா 65 வயதுக்குக் காத்திருக்கும் இரண்டு வருசத்தில் மாகாணத்துக்கு மட்டும் 2,700 டொலர் கட்டுவார். அந்தக் காசில் அவருக்கு ஒன்பது தடவை முழுச் சிகிச்சை கொடுக்கலாம். யாருடைய காசை யார் தின்னுகிறார்கள்?

வரி சின்னக் காசு. பெரிய காசு வேறு இருக்கிறது. 2009இல் ஒன்ராறியோ அரசு புகையிலைக் கொம்பனிகளுக்கு எதிராக 50 பில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டது. புகைத்து நோயாளியானவர்களுக்கு நாங்கள் செலவழித்த மருத்துவக் காசைத் திருப்பித் தா என்பதே வாதம். கடைசியில் 2025 மார்ச் 6ஆம் திகதி இம்பீரியல் டொபாக்கோ, ரொத்மன்ஸ் பென்சன் அன்ட் ஹெட்ஜஸ், ஜேரிஐ மக்டொனால்ட் ஆகிய மூன்று கொம்பனிகளும் 32.5 பில்லியன் டொலர் கட்டும் உடன்பாட்டை ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் அங்கீகரித்தது. அதில் 24 பில்லியனுக்கு மேல் மாகாணங்களுக்கும் பிரதேசங்களுக்கும் போகிறது. அதில் இத்தனை வீதத்தைப் புகைத்தலை நிறுத்துவதற்குச் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கனடியப் புற்றுநோய்ச் சங்கம் உட்பட சுகாதார அமைப்புகள் இதைக் கேட்டுப் போராடியும் நடக்கவில்லை. கியூபெக்குக்கு வெளியே நோயாளிகளுக்கென்று ஒதுக்கிய பங்கும், 2015 மார்ச் 8க்கும் 2019 மார்ச் 8க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு மட்டும். அப்பாவின் நுரையீரல் அடைப்பைப் போன வருசக் குளிரில்தான் கண்டுபிடித்தார்கள். அவர் பிந்திவிட்டாராம்.

வழக்கில் சாட்சியாக நின்றது எங்கட தகப்பன்மாரின் சுவாசப்பை. காசு போனது கருவூலத்துக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா பதினேழு வயதில், யாழ்ப்பாணத்தில், ஒரு ரியூசன் கொட்டிலுக்குப் பின்னால் முதல் இழுத்தது கோல்ட் லீஃப். அதைச் செய்வது சிலோன் டொபாக்கோ கொம்பனி. அதன் பெரும்பங்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்குச் சொந்தம். கனடாவில் அவர் பழகிய டு மோரியே இம்பீரியல் டொபாக்கோவினுடையது. அதுவும் முழுதாக அதே பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்குச் சொந்தம். நாடு விட்டு, கடல் தாண்டி, அகதிக் கோரிக்கை வைத்து, குடியுரிமை எடுத்தும் அவர் அதே முதலாளிக்கே காசு கட்டிக்கொண்டிருந்தார். அதோட முடியவில்லை. 2023இல் இம்பீரியல் டொபாக்கோ சொனிக் என்ற நிக்கொட்டின் பொட்டலத்தை, புகைத்தலை விட உதவும் பொருள் என்று அனுமதி வாங்கி, மூலைக்கடைகளில் விற்கத் தொடங்கியது. இளம் பிள்ளைகள் வாங்குகிறார்கள் என்று சத்தம் எழும்பி, 2024 ஓகஸ்டில்தான் அதைப் பார்மசி கவுண்டருக்குப் பின்னால் தள்ளினார்கள். பழக்கினவனும் அவன், பழக்கத்தை விட மருந்து விற்கிறவனும் அவன். ஏகாதிபத்தியம் என்று எங்கட கூட்டங்களில் பேசுகிறோமே, அது அப்பாவின் சேட் பொக்கெற்றுக்குள் இருந்தது.

"இனி விட்டு என்ன கண்டது, வயசு போயிட்டுது" என்பது அடுத்த வாதம். 1951இல் தொடங்கி ஐம்பது வருசம் பிரித்தானிய வைத்தியர்களைத் தொடர்ந்து அவதானித்த ரிச்சர்ட் டோல் குழுவின் முடிவு 2004இல் வந்தது. 60 வயதில் விட்டாலும் சராசரியாக மூன்று வருச ஆயுள் கூடும் என்று அது சொல்கிறது. மூன்று வருசம் என்றால் ஒரு பேரப்பிள்ளை தவழத் தொடங்கி, அப்பப்பா என்று கூப்பிடப் பழகி, கை பிடித்து நேசறிக்குப் போகிற காலம்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. கியூபெக் 2000ஆம் ஆண்டிலேயே பட்ச், சுவிங்கம் எல்லாவற்றையும் பொது மருந்துக் காப்புறுதிக்குள் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா 2011 செப்டம்பரிலிருந்து, 65 வயது வரட்டும் என்று காத்திருக்க வைக்காமல், வருசத்துக்கு 12 கிழமை நிக்கொட்டின் மாற்று மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. அங்கேயும் 12 கிழமை என்ற வரம்பு இருக்கிறது, அதுவும் போதாது. ஆனால் அங்கே என்றால் அப்பா அந்தக் காலமை வெறுங்கையோடு வெளியில் வந்திருக்க மாட்டார். 2024 ஒக்டோபரில் சட்டமான மத்திய அரசின் பொது மருந்துத் திட்டமோ கருத்தடைக்கும் நீரிழிவுக்கும் மட்டும் தொடங்கியிருக்கிறது. அடுத்த வரிசையில் எது என்பதை அழுத்தம் கொடுப்பவர்களே தீர்மானிப்பார்கள். சிகரெட்டில் ஒவ்வொன்றாக எச்சரிக்கை அச்சிட்ட முதல் நாடு நாங்கள் என்று கனடா பெருமைப்படுகிறது. அதுவும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். எச்சரிக்கிறதுக்கு மை இருக்கு, மருந்துக்குத்தான் காசு இல்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. ரொறன்ரோவின் போதைப்பழக்க, உளநல மையம் 2005இலிருந்து ஸ்டொப் என்ற திட்டத்தை நடத்துகிறது. குடும்ப மருத்துவக் குழுக்களிலும் சமூக சுகாதார நிலையங்களிலும் பட்ச் இலவசமாகக் கிடைக்கும். அப்பாவுக்குக் கடைசியில் அப்படித்தான் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதைக் கேளுங்கள். அவருடைய வைத்தியர் அந்தத் திட்டத்தில் இல்லை. நான் இரண்டு நாள் லீவு எடுத்து, போன் அடித்து, படிவம் நிரப்பி, பஸ் மாறிக் கூட்டிக்கொண்டு போனேன். ஆங்கிலம் தெரிந்த, லீவு கேட்க முடிந்த ஒரு மகள் இருந்ததால் கிடைத்தது. மகள் இல்லாத அங்கிளுக்கு? பகலில் நித்திரை கொள்கிற ஆளுக்கு? திட்டம் என்பது தேடிப்போனால் கிடைப்பது, நிதி வெட்டினால் போய்விடுவது. உரிமை என்பது மருந்துத் துண்டோடு கவுண்டரில் நின்றாலே கிடைப்பது. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

ஒரு வார்த்தை எங்களுக்கும். நினைவேந்தலுக்குக் கதிரை அடுக்கி, மேடை கட்டி, பிறகு மண்டபத்துக்குப் பின்பக்கம் குளிருக்குள் நின்று புகைக்கிற அந்த ஆட்களை நாங்கள் கடந்துதான் உள்ளே போகிறோம். மணக்குது எண்டு மூக்கைப் பொத்துறோம். அவர்கள் எந்த இரவில், எந்தப் பங்கருக்குள், எந்தச் செய்தி கேட்டுப் பத்த வைக்கத் தொடங்கினார்கள் என்று கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்க நடைபவனி போகிற சமூகம் இது. அந்த ஆஸ்பத்திரிக்குள் போகாமல் இருக்க ஒரு பட்ச் கேட்டுக் குரல் எழுப்பியதில்லை. மனவுறுதி இல்லை என்று தனிமனிதரைக் குற்றம் சொல்வது முதலாளிக்குப் பிடித்த பாட்டு. அதை நாங்களும் பாட வேண்டாம்.

நாங்கள் கேட்க வேண்டியவை நான்கு:

ஒன்று, பட்ச், சுவிங்கம் உட்பட எல்லா மருந்துகளும் ஒன்ராறியோ மருந்து நலத் திட்டத்தின் பட்டியலில் சேர வேண்டும். 12 கிழமை வரம்பு போக வேண்டும்.

இரண்டு, இந்த மருந்துகளுக்கு 65 என்ற வயதெல்லை கூடாது.

மூன்று, புகையிலை உடன்பாட்டுக் காசில் ஒரு பங்கு சட்டப்படி இதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். தமிழிலும் மற்ற மொழிகளிலும் ஆலோசனை சொல்கிற ஆட்களுக்குச் சம்பளமும் அதிலிருந்து வர வேண்டும்.

நான்கு, சுப்பர் விசாவில் வந்தவர்கள் எந்தச் சமூக சுகாதார நிலையத்திலும் கேள்வி இல்லாமல் இந்தச் சிகிச்சையைப் பெற வேண்டும்.

இந்தக் கிழமை உங்கள் தொகுதி மாகாண உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் அடியுங்கள். உடன்பாட்டுக் காசில் எவ்வளவு புகைத்தலை நிறுத்துவதற்குப் போகிறது என்று கேளுங்கள். பதிலை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த மடலில் தொகுத்துப் போடுவோம். அதோட, வீட்டில் ஒருவர் விட முயல்கிறார் என்றால் 811க்கு அடித்துப் பாருங்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். கிட்ட உள்ள சமூக சுகாதார நிலையத்தில் ஸ்டொப் திட்டம் இருக்கோ எண்டு அவருக்காக நீங்கள் விசாரியுங்கள்.

அப்பா இதை எழுதும் நேரம் பத்தொன்பதாவது நாளில் நிற்கிறார். இதுக்கு முதல் ஒருக்கா பதினொரு நாளில் தோத்தவர். இந்த முறையும் தோக்கலாம். தோத்தால் திரும்பத் தொடங்கிறதுக்கு அடுத்த பெட்டி எங்கையிருந்து வரும் எண்டதுதான் என்ர கேள்வி.

தோழமையுடன்,
அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு மகள்