எம்.பி.ஏ.வுக்கு அவசரம் வேண்டாம்

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் கடைக்கு வரும் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்த பிள்ளையை அடுத்து என்ன படிக்க வைப்பது?"

முதலில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசியுங்கள். பாடநெறிகளைப் பிள்ளையின் விருப்ப ஒழுங்கிலேயே எழுதுங்கள். இசட் புள்ளி இடங்கொடுக்கும் மிக மேலான விருப்பமே கிடைக்கும். சென்ற வருட வெட்டுப்புள்ளிக்குப் பயந்து விரும்பிய துறையைக் கீழே போடுவது நஷ்டம்.

இடம் கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகம் உண்டு, ஏ.ஏ.டி., சீமா போன்ற தொழிற்தகைமைகளும் உண்டு. தனியார் நிறுவனமெனில் அதன் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்க்காமல் ஒரு சதமும் கட்டாதீர்கள். சரக்கைப் பார்க்காமல் நாம் முற்பணம் கொடுப்போமா?

எம்.பி.ஏ. வேறு கதை. அது தொழில் அனுபவத்தை வைத்துப் படிக்கும் படிப்பு. பட்டம் பெற்ற கையோடு தாயின் நகையை விற்று வெளிநாடு அனுப்புவதைவிட, இரண்டு மூன்று வருடம் வேலை பார்க்க விடுங்கள். ஜீமேட் பரீட்சைப் புள்ளி 5 வருடங்களுக்குச் செல்லுபடியாகும். வேலை செய்துகொண்டே எழுதலாம்.

சொந்தக் கடையென்றாலும் நியமனக் கடிதம் கொடுங்கள், சம்பளம் எழுதுங்கள், ஊழியர் சேமலாப நிதி கட்டுங்கள். "வாப்பாவின் கடையில் நின்றேன்" என்ற வாய்ப்பேச்சு விண்ணப்பத்தில் அனுபவமாக நிற்காது.

பெண் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். மகனுக்கு ஒதுக்கும் பணத்தில் மகளுக்கும் பங்கு இருக்கட்டும்.