வினாவை வாசிக்காத மாணவனும் பிழைச் செய்தியை வாசிக்காத ஆசிரியரும்



ஊர் உறவுகளே, பெற்றோர்களே, சக ஆசிரியர்களே!

தவணைப் பரீட்சை நெருங்குகிறது. அதற்கு முன்னர் ஒரு விடயத்தை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறோம். பதிவு நீளமானது. சிலருக்குக் கசக்கும். ஆனாலும் கடைசி வரை வாசியுங்கள். வாசிக்காமல் விடுவதைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

கணித, விஞ்ஞான வினாத்தாள்களை நாம் லேடெக் முறையில் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து ஆசிரியர் குழுமத்தில் ஒரே கதைதான். "இது எங்களுக்குச் சரிவராது." "இது கெம்பஸ்காரர்களுக்கு உரியது." "பழையபடி வேர்டில் பாமினியால் அடித்துக் கொடுப்போம், தலைவலி இல்லை." இந்தக் கதை இப்போது அதிபர்மார் வரை போய்விட்டது. கைவிடுவதா, வைத்திருப்பதா என்று முடிவெடுப்பதற்கு முன்னர் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டெக் என்பது கணிதக் குறியீடுகள் நிறைந்த பக்கங்களை அச்சுக்கோப்பதற்கான மென்பொருள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், தனது நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகள் அலங்கோலமாக இருந்ததைப் பார்த்து 1977இல் இந்த வேலையைத் தொடங்கினார். அதன் மேல் லெஸ்லி லம்போர்ட் 1980களில் கட்டியெழுப்பியதுதான் லேடெக். இரண்டும் இலவசம். "இது பின்னம், இது வர்க்கமூலம், இது வினா, இதற்கு 4 புள்ளி" என்று ஒரு கோப்பில் கட்டளையாக எழுதிக் கொடுத்தால், பக்கத்தை அமைத்துப் பீடிஎப் ஆகத் தரும். அந்தப் பீடிஎப்பை எந்தக் கணினியில் திறந்தாலும், எந்தக் கடையில் அச்சடித்தாலும் எழுத்து இடம் மாறாது.

இனி "தலைவலி இல்லாத" பாமினிக்கு வருவோம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. எழுத்துருவை மாற்ற மறந்தால் சமன்பாட்டிலுள்ள எக்ஸ் 'ஒ' ஆகிவிடும், வை 'ல' ஆகிவிடும். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தாள் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கல். வீட்டிலிருந்து பாடசாலைக்கும், பாடசாலையிலிருந்து அச்சகத்துக்கும் வேர்ட் கோப்பு போகிற வழியில் வர்க்கமூலம் காணாமல் போவதும், மேலே நிற்க வேண்டிய சுட்டி கீழே இறங்குவதும் யாருக்குத் தெரியாது? பரீட்சை நடக்கும்போது "பிள்ளைகளே, 5ஆம் வினாவில் ஒரு திருத்தம்" என்று வகுப்பு வகுப்பாக ஓடுவதற்குப் பெயர் என்ன? தலைவலி இல்லாமல் இல்லை. அது ஆசிரியரின் மேசையிலிருந்து பிள்ளையின் மேசைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

லேடெக்கின் குணம் வேறு. பெரும்பாலான பிழைகளைக் கண்ட இடத்திலேயே நின்று சண்டை பிடிக்கும். அந்தச் சண்டை வினாத்தாள் பிள்ளையின் கைக்குப் போவதற்கு முன்னர் நடக்கிறது. நாம் அதை விரும்புவதற்குக் காரணமே இதுதான்.

ஆனால் குழுமத்தில் நடப்பது என்ன? இரவு 11 மணிக்கு ஒரு போட்டோ வரும். லெப்டொப் திரையைச் சாய்வாகப் பிடித்த போட்டோ. அதில் பாதி வரி வெட்டுப்பட்டிருக்கும். கீழே "சேர், வேலை செய்யல, அவசரம்." என்ன பிழை என்று கேட்டால் "சிவப்பாக ஏதோ வருது." அந்தச் சிவப்பு வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

வினாவை முழுதாக வாசிக்காமல் விடை எழுதிய பிள்ளைக்கு நாம் எவ்வளவு ஏச்சு ஏசுகிறோம்! "படிமுறை எங்கே? படிமுறை காட்டாவிட்டால் புள்ளி இல்லை" என்கிறோம். அதே வாயால் "சிவப்பாக ஏதோ வருது" என்று சொல்வது நியாயமா?

பிழைச் செய்திக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆச்சரியக்குறியோடு தொடங்கும் வரி, என்ன பிழை என்று சொல்லும். அதன் கீழே வரி இலக்கம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் நீங்கள் எழுதிய வரியே இரண்டாக உடைத்துக் காட்டப்படும். உடைந்த இடம்தான் டெக் வாசிப்பை நிறுத்திய இடம். விடைத்தாளில் நாம் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுக் காட்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

"அன்டிபைன்ட் கொன்ட்ரோல் சீக்வென்ஸ்" என்றால், அப்படியொரு கட்டளை எனக்குத் தெரியாது என்று அர்த்தம். கட்டளையின் எழுத்து பிழைத்திருக்கும், அல்லது அதற்குரிய பொதியை மேலே அழைத்திருக்க மாட்டீர்கள். "மிஸ்ஸிங் டொலர் இன்சர்ட்டட்" என்றால் கணிதக் குறியீட்டை $ குறிகளுக்கு வெளியே எழுதியிருக்கிறீர்கள், அல்லது சமன்பாட்டின் நடுவே ஒரு வெற்று வரி விட்டிருக்கிறீர்கள். "ரன்அவே ஆர்கியூமென்ட்" என்றால் திறந்த அடைப்பை மூடவில்லை. ஒரு பிழைக்குப் பின்னால் நாற்பது பிழை வந்தால் பதற வேண்டாம். முதலாவதை மட்டும் திருத்துங்கள். மற்றவற்றில் பெரும்பகுதி அதன் பிள்ளைகுட்டிகள்தான்.

அடுத்தது "தமிழ் வருதில்லை" என்ற முறைப்பாடு. இது ஒரு நோய் அல்ல, மூன்று நோய். மூன்றுக்கும் மருந்து வேறு.

ஒன்று: யுனிகோட் தமிழ் எழுத்துக்கு ஆயத்தம் செய்யப்படவில்லை என்று பிழை வருகிறது. நீங்கள் பீடிஎப்லேடெக்கை ஓடவிட்டிருக்கிறீர்கள். ஸீலேடெக் அல்லது லுவாலேடெக்கைத் தெரிவு செய்யுங்கள். இணையத்தில் ஓவர்லீப்பில் வேலை செய்பவர்கள் அமைப்புப் பட்டியலில் அதை ஒரு தடவை மாற்றினால் போதும்.

இரண்டு: பிழை எதுவும் இல்லை, ஆனால் தமிழ் வரவேண்டிய இடம் வெறுமையாக அல்லது பெட்டி பெட்டியாக இருக்கிறது. தமிழ் எழுத்துள்ள எழுத்துருவை நீங்கள் கொடுக்கவில்லை. பதிவுக் கோப்பைத் திறந்தால் "மிஸ்ஸிங் கெரக்டர்" என்று வரிசையாக எழுதியிருக்கும். "ட்ரேசிங்லொஸ்ட்சார்ஸ்" என்ற கட்டளைக்கு 3 என்று பெறுமானம் கொடுத்தால், 2021 முதல் வந்த பதிப்புகளில் இது பிழையாகவே காட்டப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்ற இலவச எழுத்துருக்கள் தாராளமாக இருக்கின்றன.

மூன்று: தமிழ் வருகிறது, ஆனால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. 'கொ'வும் 'பெ'யும் சிதைகின்றன. எழுத்துருவை அழைக்கும்போது எழுத்துமுறை தமிழ் என்று குறிப்பிட வேண்டும். லுவாலேடெக் என்றால் அதோடு ஹார்ப்பஸ் முறையில் வரையும்படியும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் "யுனிகோட் சரியில்லை, பாமினிதான் நல்லம்" என்று இரண்டு கிழமை பேசினார்கள்.

இஸ்லாம், அறபு வினாத்தாள் தயாரிக்கும் மௌலவிமாருக்கும் ஒரு சொல். வலமிருந்து இடமாக எழுத ஸீலேடெக்கில் பிடி என்ற பொதி வேலை செய்கிறது. வேறு சில பொதிகளை அதற்குப் பின்னால் அழைத்தால் அது நின்றுவிடும். அப்போது வரும் செய்தி, இன்ன பொதியை எனக்குப் பின்னால் அழைத்துவிட்டீர்கள், தயவுசெய்து அதை முன்னால் அழைத்துவிட்டு மீண்டும் ஓடவிடுங்கள் என்று பொதியின் பெயரோடு சொல்கிறது. இவ்வளவு மரியாதையாகவும் தெளிவாகவும் பிழையைச் சொல்லும் மேலதிகாரியை நீங்கள் கண்டதுண்டா?

சண்டை பிடிக்காத பிழைகளும் உண்டு. அவைதான் ஆபத்தானவை. "ஆண்டு வட்டி வீதம் 12% ஆயின் இரண்டு ஆண்டுகளின் முடிவில் செலுத்த வேண்டிய தொகை யாது?" என்று ஒரே வரியில் எழுதுகிறீர்கள். தாளில் "ஆண்டு வட்டி வீதம் 12" என்பதோடு வினா முடிந்துவிடும். பிழைச் செய்தி வராது. ஏனென்றால் % குறிக்குப் பின்னாலுள்ளதை அந்த வரி முடியும் வரை விட்டுவிடு என்பது டெக்கின் சட்டம். % குறிக்கு முன்னால் ஒரு \ போட்டால் சரி. ஆனால் அச்சுக்கு அனுப்ப முன்னர் பீடிஎப்பை ஒருவர் இருந்து வாசித்தால்தானே அது தெரியும்? மொத்தப் புள்ளி வரவேண்டிய இடத்தில் ?? என்று வருவதும் இப்படித்தான். இன்னொரு தடவை ஓடவிட்டால் இலக்கம் வந்துவிடும். மீண்டும் ஓடவிடு என்று பதிவுக் கோப்பிலேயே எச்சரித்திருக்கும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. செய்திகள் ஆங்கிலத்தில் வருகின்றன. உண்மை. ஆனால் திரும்பத் திரும்ப வருபவை ஒரு பத்துப் பதினைந்துதான். ஒரு தாளில் தமிழ் விளக்கத்தோடு எழுதி ஒட்டிவைத்தால் தீர்ந்தது. டெக் பிழை நடந்த இடத்தைக் காட்டாமல், பிழையைத் தான் உணர்ந்த இடத்தைத்தான் காட்டுகிறது என்பார்கள். அதுவும் உண்மை. 20ஆம் வரியில் மூடாத அடைப்புக்குக் கோப்பின் கடைசி வரியில் சண்டை வரலாம். அதற்கும் வழி இருக்கிறது. வினாக்களில் பாதியைத் தற்காலிகமாக வெட்டி வேறிடத்தில் வைத்துவிட்டு ஓடவிடுங்கள். பிழை போய்விட்டால் அது வெட்டிய பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 32 வினா இருந்தாலும் ஐந்து தடவையில் குற்றவாளி வினா அகப்படும். இரண்டின் வலுக்களைத் தரம் 6 பிள்ளைக்குப் படிப்பிக்கும் எமக்கு இது புதுக் கணக்கா? திருத்திய பின்னும் அதே பிழை நின்றால், முன்னைய ஓட்டம் விட்டுச்சென்ற துணைக் கோப்புகளை அழித்துவிட்டு மீண்டும் ஓடவிடுங்கள்.

"மென்பொருளே பிழை" என்பவர்களுக்கு ஒன்று. தனது டெக் நிரலில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 327.68 டொலர் காசோலை தருவதாக அறிவித்தவர் நூத். நாற்பது வருடத்துக்கும் மேலாக உலகெங்கும் உள்ள கணிதக்காரர்கள் அதைத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். எமது ஊர்த் தவணைப் பரீட்சைத் தாளில் வந்த பிழை அவருடையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இதைவிடப் பெரிய நோய் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டிவிடுவது. ஊருக்கு ஒரு "கணினி சேர்". அவர் கொடுத்த கோப்பின் தலைப்பகுதியை என்னவென்று பார்க்காமல் ஆளுக்காள் பிரதி செய்வது. அதில் தேவையில்லாத இருபது பொதி. ஒன்றோடொன்று முட்டினால் மறுபடி அவருக்கே அழைப்பு. அவருக்கு இடமாற்றம் கிடைத்தால்? சுகமில்லாமல் போனால்? அந்தத் தவணையில் பிள்ளைகளுக்குத் தாள் இல்லையா? ஓர் ஆளின் தயவில் நிற்கும் வினாத்தாள் எத்தனை நாளைக்கு நிற்கும்?

ஆகவே இன்றிலிருந்து குழுமத்தில் இதுதான் ஒழுங்கு:

1. திரையின் போட்டோவுக்குப் பதில் இல்லை. ஆச்சரியக்குறி வரியையும் வரி இலக்கத்தையும் எழுத்தாகப் பிரதி செய்து போடுங்கள்.

2. எதை ஓடவிட்டீர்கள் என்று சொல்லுங்கள்: பீடிஎப்லேடெக்கா, ஸீலேடெக்கா, லுவாலேடெக்கா?

3. முழு வினாத்தாளையும் அனுப்ப வேண்டாம். பரீட்சைத் தாளைக் குழுமத்தில் போடுவதே முறையல்ல. பிழை வரும் அந்த ஒரு வினாவை மட்டும் சிறு கோப்பாக்கி, இலக்கங்களை மாற்றி அனுப்புங்கள். அப்படிச் சுருக்கும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

4. தீர்வு கிடைத்ததும் "ஓகே சேர், சரி" என்று போட்டுவிட்டுப் போகாமல், என்ன பிழை, எப்படித் தீர்ந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.

5. அச்சுக்குப் போகும் பீடிஎப்பைத் தயாரித்தவர் அல்லாத இன்னொரு ஆசிரியர் வாசித்து ஒப்பமிட வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான, பொறியியல் பீடங்களில் படிக்கும் எமது ஊர்த் தம்பி தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலருக்கு ஆய்வறிக்கை எழுதிய வகையில் லேடெக் தெரியும். விடுமுறையில் வரும்போது ஒரு பின்னேரம் பாடசாலைக்கு வாருங்கள். தாளைச் செய்து தர வேண்டாம். செய்தியை வாசிக்கக் காட்டித் தாருங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கொண்டுவரும் வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். பாதியில் நின்ற வசனம், காணாமல் போன குறியீடு, சிதைந்த எழுத்து இருந்தால் வந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. புள்ளி இழப்பது உங்கள் பிள்ளை.

பாமினிக்குத் திரும்புவோம் என்பவர்கள் தாராளமாக வாதிடலாம். ஆனால் வாதிட வரும்போது, கடைசியாக வந்த பிழைச் செய்தியில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சொல்லிவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள்.