ஏழு நாள் நீரை மூன்று நாளில் பாய்ச்சலாமா?

நோயாளரைக் காப்போரின் நோவை யார் கேட்பது? ஒரு கிழமைக்குரிய கடமை முழுவதையும் மூன்று நான்கு நாட்களுக்குள் நெருக்கி முடித்துவிட்டு மீதி நாட்களை வீட்டிலே கழிக்கலாம் என்பதை, தாதியருக்கும் சிற்றூழியருக்கும் பெருஞ் சலுகையாகக் காட்டுகின்றனர். இது சலுகை அன்று. ஆட்பற்றாக்குறையை ஊழியரின் உடலில் ஏற்றிவைக்கும் உபாயம் என்கின்றோம் நாம்.

இரணைமடு நீரால் 20,000 ஏக்கருக்கு மேல் விளைவிக்கும் கமக்காரருக்கு இதனை விளக்க நூல் வேண்டியதில்லை. ஏழு நாளைக்கு முறைவைத்து விடவேண்டிய நீரை மூன்றே நாளில் வாய்க்காலில் திறந்துவிட்டால் யாது நிகழும்? நீரின் அளவு ஒன்றேதான். ஆயினும் வரம்பு உடையும். பின்னர் பயிர் வாடும். “அளவில் குறைவில்லையே” என்று கணக்குக் காட்டும் அதிகாரியைக் கமக்காரர் கூட்டத்தில் பேசவிடுவார்களா? வயலுக்கு ஒவ்வாத கணக்கு மனித உடலுக்கு மட்டும் எவ்வாறு ஒவ்வும்?

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியரின் பகற்கடமை ஆறு மணி நேரம். இராக்கடமையோ மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை பன்னிரண்டு மணி நேரம். காலைக் கடமையும் அன்றிரவுக் கடமையும் ஒருவர் தலையிலேயே விழுந்தால் 24 மணி நேரத்தில் 18 மணி நேரம் அவர் வார்ட்டில் நிற்கிறார். அந்தப் பதினெட்டாவது மணியில் ஊசிமருந்தின் அளவைப் பார்ப்பதும் அதே கண்கள்தாம். அமெரிக்கத் தாதியரிடையே நடத்தப்பெற்று 2004இல் வெளிவந்த ஆய்வு, பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும் கடமையில் தவறு நேரும் வாய்ப்பு மும்மடங்கு என்றது. கிழமைக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்குப் பாரிசவாத அபாயம் 35 வீதம் கூடுதல் என்று 2021இல் உலக சுகாதார தாபனமும் சர்வதேசத் தொழில் தாபனமும் சேர்ந்து அறிவித்தன.

“அவர்களே விரும்பிக் கேட்கிறார்களே!” என்பர். ஆம், கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பிள்ளைகளை விட்டுவிட்டு வன்னிக்கு வருபவர், நாள்தோறும் ஏ-9 வீதியில் பேருந்துக்கு நிற்பதைவிட இரண்டு கடமைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு வீடு செல்லவே விரும்புவார். அடிப்படைச் சம்பளம் போதாதவர் மேலதிக நேரக் கொடுப்பனவை நாடுவார். வேறு வழியை அடைத்துவிட்டு விருப்பம் என்று பெயரிடுவது எந்த நீதி? “அறுவடைக் காலத்தில் நாங்களும் இரவு பகலாய் உழைக்கிறோமே” என்று கமக்காரர் கேட்கலாம். காலபோகம் சில கிழமைகளில் அறுத்து முடியும். வார்ட்டுக்கு அத்தகைய முடிவுநாள் இல்லை.

2022 ஜூன் மாதத்தில் எரிபொருள் பஞ்சத்தைக் காட்டி, அரசாங்க ஊழியருக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கினர். வீட்டுத்தோட்டம் செய்யுமாறும் கூறினர். சுகாதாரத் துறைக்கு அந்த வெள்ளி கிட்டவில்லை. நோய் வெள்ளிக்கிழமை பார்த்து ஓய்வதில்லை அல்லவா! அதே ஆண்டில், ஊதியமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு செல்ல அரசு ஊழியருக்கு வாயிலைத் திறந்துவிட்டனர். போனவர் போக, எஞ்சியோர்மீது சுமை ஏறிற்று.

சட்டத்தைப் பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கடைச் சிப்பந்திக்கு நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என வரம்பு கட்டியது. அரசாங்க வார்ட்டுக்குள் அச்சட்டம் நுழைவதில்லை. 1977இல் சர்வதேசத் தொழில் தாபனம் நிறைவேற்றிய 157ஆம் இலக்கத் தாதியர் பரிந்துரையோ, வேலைநாள் மேலதிக நேரத்தையும் சேர்த்து 12 மணியைத் தாண்டலாகாது, இரு கடமைகளுக்கிடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்கிறது. பரிந்துரை கட்டுப்படுத்தாது, அதனாலேயே அதைச் சட்டமாக்கக் கேட்கிறோம்.

பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, பெற்றோரைப் பார்க்க இரவு பகலாய் ஒரு பெண்ணை வீட்டில் அமர்த்தி, மாதத்தில் நான்கு நாள் விடுகின்ற நம்மவருக்கும் ஒரு சொல்: இவ்விடத்தில் முதலாளி அரசாங்கம் அன்று, நீங்களே. அப்பெண் இராத்தூக்கம் கொள்கிறாளா என்று கேட்டதுண்டா?

வடக்கிலிருந்து பாராளுமன்றம் சென்றோர் நான்கு காரியங்களைக் கேட்கட்டும்: 12 மணி உச்சவரம்புக்குச் சட்டம், மேலதிக நேரமின்றியே வாழப் போதிய அடிப்படைச் சம்பளம், வன்னிக்கு வரும் ஊழியருக்கு விடுதியும் கடமை நேரத்துக்கேற்ற வாகனமும், வீட்டுப் பராமரிப்பாளருக்கும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத் தொடர் ஓய்வு. கேட்டவர் யார், வாய்மூடியிருந்தவர் யார் என்பதை அடுத்த தேர்தலுக்கு முன் இரணைமடுச் சந்தியில் பெயர் சொல்லி அறிவிப்போம்.