சிப்பியின் முறையீடு

கடற்சிப்பியில் துத்தநாகம், இரும்பு முதலிய தாதுப்பொருள்கள் நிறைந்துள்ளன என்று படிக்கிறோம். அவை எங்கிருந்து வருகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சிப்பி மணிக்குப் பல லிட்டர் கடல்நீரைத் தன் உடல் வழியே செலுத்தி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்கிறது. அந்த நீரிலிருந்தே கால்சியத்தைப் பெற்று ஓடு கட்டுகிறது. நீர் தூயதாயின் சிப்பியும் நலமாயிருக்கும். நீரில் கன உலோகம் கலந்தாலோ, ஓடி ஒளிய வழியற்ற அவ்வுயிர் அதையும் ஏற்றே ஆகவேண்டும்.

பிரான்சு நாட்டின் தென்மேற்கில், அட்லாண்டிக் கரையில் ஆர்க்கஷோன் விரிகுடா உள்ளது. சிப்பி வளர்ப்பே அங்குப் பல குடும்பங்களின் பிழைப்பு. 1970களின் பிற்பகுதியில் அங்கே சிப்பியின் ஓடுகள் விரிந்து வளராமல் தடித்துப் பருத்தன. சுண்ணாம்பு அடுக்குகளுக்கிடையே அறைகள் தோன்றி, கூழ் போன்ற பொருள் நிரம்பியது. குஞ்சுகள் பிழைக்கவில்லை. ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேலிருந்த விளைச்சல் 1981இல் 3,000 டன்னாகச் சுருங்கியது.

காரணம் என்ன? பாசியும் சிற்றுயிர்களும் ஒட்டாதிருக்க, உல்லாசப் படகுகளின் அடியில் பூசிய வர்ணமே! அதில் டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் இருந்தது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அவற்றுள் சில பங்குகளை மட்டும் ஒரு லிட்டர் நீரில் கலந்தாலே சிப்பியின் ஓடு கெட்டுவிடும்.

அந்த வர்ணத்தால் படகு தடையின்றிச் செல்லும், எரிபொருளும் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒருவரது மிச்சத்துக்காக மற்றொருவரது பிழைப்பைப் பறிப்பது நீதியாகுமா?

பிரான்சு அரசு, ஆய்வுகள் யாவும் முற்றுப்பெறட்டும் என்று காத்திருக்கவில்லை. 1982 ஜனவரியில், 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் அவ்வர்ணத்தைத் தடை செய்தது. அவ்வாண்டுக் கோடையிலேயே சிப்பிக் குஞ்சுகள் மீண்டும் பெருகின. பெருங்கப்பல்களின் கதை வேறு. அவ்வர்ணத்தைத் தடுக்கும் உலக உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு விரிகுடாவில் கண்ட உண்மையை உலகம் முழுவதும் சட்டமாக்க 26 ஆண்டுகள்!

வருமுன் காப்பதே அறிவு என்று நம் முன்னோர் சொன்னார்கள். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும் இதையே வலியுறுத்துகிறது. மீள முடியாத தீங்கு நேரலாம் என்று சான்றுகள் காட்டினால், ஐயத்திற்கிடமற்ற நிரூபணம் இல்லாவிடினும் அச்செயலை நிறுத்தவேண்டும். தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைச் செய்ய விரும்புவோருடையது என்கிறது. ஆனால் நடைமுறையில் நாம் பாதிக்கப்பட்டவரிடமே சான்று கேட்கிறோம். சிப்பி வளர்ப்பவர் ஆய்வுக்கூடத்துக்கு எங்கே போவார்?

அன்புத் தோழியரே! நம்மில் சிலர் நாளை வேதியியல் கற்போம்; சிலர் சட்டம் பயில்வோம்; பலர் குடும்பத்தை நடத்துவோம். புதிய பொருள் ஒன்று கைக்கு வரும்போது, "இது எவ்வளவு மலிவு?" என்பதோடு, "பயன்படுத்திய பின் இது எந்த நீரில் போய்ச் சேரும்?" என்றும் கேட்கப் பழகுவோம். வாயில்லா உயிர் தன் துன்பத்தை ஓட்டில்தான் காட்ட முடியும். அதைக் கண்டு, காலத்தே செயல்படும் கடமை நம்முடையது.