‘கியர் வேண்டாம்’ என்னும் அரைவாக்கியம்

பழைய ஜீப் பிக்கப் ஒன்றை மின்வண்டியாக மாற்ற விரும்புபவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, ‘மின்வண்டிக்குக் கியர் வேண்டாம், கழற்றி எறியுங்கள்’ என்பதுதான். மாற்றுத் தொகுப்பு விற்பவரும் இதைச் சொல்கிறார். பொறியியல் மாணவரின் திட்ட அறிக்கையும் இதையே ஒப்பிக்கிறது. இது முழுப்பொய் அன்று, அரைவாக்கியம். முழுப்பொய்யை எவரேனும் மறுத்துவிடுவர். அரைவாக்கியமோ எவரும் சோதிக்காமலே நிலைத்துவிடுகிறது.

சிக்கல் சொல்லில் தொடங்குகிறது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பட்டறைக்குள் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. இரண்டிலும் ‘கியர்’ ஒரே சொல். ஆனால் அதற்குப் பொருள் இரண்டு. ஓட்டுநருக்குக் கியர் என்பது கையால் மாற்றும் தண்டு. பொறியாளருக்கு அது சுழற்சியைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கும் பற்சக்கர விகிதம். ஆலையில் பிறந்த மின்கார்களில் முதலாவது இல்லை. இரண்டாவது கட்டாயம் உண்டு. நிசான் லீஃபில் மோட்டார் ஏறத்தாழ 8 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். டெஸ்லா மாடல் எஸ்ஸில் ஏறத்தாழ 9.7 முறை. ‘தண்டு வேண்டாம்’ என்ற செய்தியை ‘விகிதம் வேண்டாம்’ என்று கேட்டுக்கொண்டதன் விலையைத்தான் மாற்றப்பட்ட வண்டிகள் ஏற்றத்தில் செலுத்துகின்றன.

கணக்கைப் பார்க்கலாம். வில்லிஸ் உரிமத்தில் மகிந்திரா தயாரித்த சிஜே-3பி வழிவந்த வண்டிகளின் கிரவுன்-பினியன் விகிதம் 5.38. மூன்று கியர் கொண்ட அதன் கியர்பாக்ஸில் முதல் கியர் ஏறத்தாழ 2.8, இரண்டாம் கியர் 1.55, மூன்றாவது நேர்விகிதம். வண்டியும் மரச்சீனியும் வாழைக்குலையும் சேர்ந்து 2,000 கிலோ என்றும், ஏற்றம் நூற்றுக்குப் பதினைந்து என்றும், சக்கர ஆரம் 35 செ.மீ. என்றும் கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சீராக ஏறுவதற்கு ஏறத்தாழ 20 கிலோவாட் போதும். ஆகவே ‘20 கிலோவாட் மோட்டார் வாங்குக’ என்று அறிக்கை முடிந்துவிடுகிறது.

ஆனால் நிமிடத்திற்கு 3,000 சுற்றில் 20 கிலோவாட் தரும் மோட்டாரின் தொடர் முறுக்குவிசை 64 நியூட்டன் மீட்டர்தான். கியர்பாக்ஸை அகற்றி மோட்டாரை நேரே பின்னச்சுடன் இணைத்தால் அதே ஏற்றத்திற்கு 230 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். இரண்டாம் கியரில் ஏறத்தாழ 150, முதல் கியரில் 83 போதும். முறுக்குவிசை பெருகினால் மின்னோட்டம் பெருகும். கம்பிச்சுருளின் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறும். இரண்டாம் கியரோடு ஒப்பிட்டால் நேரிணைப்பில் வெப்பம் ஏறத்தாழ 2.4 மடங்கு. கிலோவாட் எண் மாறவில்லை. மோட்டார் மட்டும் வெந்துபோகிறது.

‘அப்படியானால் பெரிய மோட்டார் வாங்கலாமே’ என்பது அடுத்த வாதம். 250 நியூட்டன் மீட்டர் மோட்டாரை வாங்கி, கியர்பாக்ஸையும் வைத்துக்கொண்டு, முதல் கியரில் மிதித்தால் பின்னச்சில் 3,760 நியூட்டன் மீட்டர் விழும். பழைய 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தன் உச்சமான 155 நியூட்டன் மீட்டருடன் முதல் கியரில் கொடுத்தது ஏறத்தாழ 2,330தான். உடைவது ஆக்சில் தண்டோ பினியன் பல்லோ என்பது மட்டுமே தெரியாது. அதே மோட்டாரை இரண்டாம் கியரில் பூட்டினால் பின்னச்சில் ஏறத்தாழ 2,090. பழைய எல்லைக்குள் அடங்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மோட்டார் 3,800 சுற்றுக்குள் நிற்கும். அதாவது அரை நூற்றாண்டுக்கு முந்தைய கியர்பாக்ஸின் இரண்டாம் கியர், புதிய மின்கார்களின் விகிதத்திற்கு அருகிலேயே இருக்கிறது (1.55 × 5.38 = 8.3). எறியச் சொன்ன பொருளுக்குள்தான் விடை கிடக்கிறது.

‘டிஃப்ரன்ஷியல் விகிதம்’ என்ற வழக்கும் இதே குற்றத்தைச் செய்கிறது. டிஃப்ரன்ஷியல் என்பது வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் உட்பகுதி. விகிதம் அதனுடையதன்று, கிரவுன்-பினியன் இணையினுடையது. பட்டறையில் முழுக்கூட்டையும் ஒரே பெயரால் அழைப்பதில் பிழையில்லை. பல்கலைக்கழக அறிக்கையும் அப்படி அழைக்கும்போதுதான், வேகம் வேண்டி ‘டிஃப்ரன்ஷியலை மாற்று’ என்று முழு அச்சையும் மாற்றி, 4-க்கு அருகிலான விகிதத்தைப் பூட்டி, ஏற்றத்தில் இன்னும் கால்பங்கு வலிமையை இழக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் நியாயமும் உண்டு. பழைய பற்சக்கரங்கள் இரையும். எஞ்சின் ஓசை மறைத்ததை மின்மோட்டார் மறைக்காது. பற்கள் உரசுமிடத்தில் ஆற்றலும் சற்று வீணாகும். மின்தடையால் வண்டி வேகம் குறையும்போது பினியன் பற்களின் மறுபக்கம் சுமை தாங்கவேண்டும். அதற்கென அளவு வைக்காவிட்டால் தேயும். குறைப்பு விகிதத்தைத் தன்னுள்ளேயே கொண்ட மோட்டார் கிடைத்தால் கியர்பாக்ஸை அகற்றுவதும் சரியே. ஆனால் இவை ஒவ்வொன்றும் கணக்குப் போட்டு எடுக்கவேண்டிய முடிவுகள். ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல் கணக்கு ஆகாது.

வெள்ளறடைப் பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றும் வண்டிக்கும், தேசிய நெடுஞ்சாலையில் களியக்காவிளைச் சந்தைக்கு ஓடும் வண்டிக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. நெய்யாற்றின்கரைக்கு அருகே அறாலுமூட்டில் கேரள ஆட்டோமொபைல்ஸ் 2019-இல் ‘நீம் ஜி’ மின் ஆட்டோவை வெளியிட்டது; அது ஆளேற்றும் மூன்று சக்கர வண்டி. அதைக் கண்ட அனுபவத்தை இரண்டு டன் பிக்கப்பின் மேல் ஏற்றிப் பேசக்கூடாது.

சட்டமும் இந்த அரைவாக்கியத்தை மன்னிப்பதில்லை. மின்மாற்றத் தொகுப்புக்கு ஏஐஎஸ்-123 தரப்படி ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் குறிப்பிட்ட மாதிரி வண்டிகளுக்கே உரியது. 2021-ஆம் ஆண்டு விதிகளோ, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து மூல வடிவில் பேணப்படும் வண்டியைத்தான் ‘விண்டேஜ்’ என ஏற்கின்றன. எஞ்சினை எடுத்துவிட்டு அந்தப் பெருமையையும் கேட்க முடியாது. கேஎல்-19 எண்ணுள்ள வண்டி எல்லை தாண்டி விற்கப்பட்டு டிஎன்-75-க்குப் போகும்போது, ஒப்புதலற்ற மாற்றம் வாங்கியவர் தலையில்தான் விடியும்.

1956-இல் நான்கு தென்வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையின் இருபுறமும் பட்டறைச் சொற்கள் ஒன்றாகவே இருக்கின்றன. பிழையும் ஒன்றாகவே பரவுகிறது. அதைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்கள் வழிகாட்டிப் பேராசிரியர்களே. மாற்றத் திட்டம் எதுவானாலும் அறிக்கையின் முதல் பக்கத்தில் ஐந்து எண்களைக் கேளுங்கள்: சுமையோடு எடை, மிகச் செங்குத்தான ஏற்றம், சக்கர ஆரம், மொத்த விகிதம், பின்னச்சு தாங்கும் முறுக்குவிசை. இவை இல்லாமல் கிலோவாட்டை மட்டும் எழுதிக் கொண்டுவரும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். மதிப்பெண் குறைந்தால் மாணவர் அடுத்த பருவத்தில் ஈடுகட்டிக்கொள்வார். சேமிப்பைக் கொட்டி வண்டியை மாற்றிய விவசாயிக்கு ஏற்றத்தின் நடுவில் அடுத்த பருவம் கிடையாது.