திறவுகோல் கேட்கும் வல்லாண்மை!

ஒருவன் பெட்டியின் பூட்டை உடைப்பது வேறு. திறக்கும் வழியைச் சொல்லென்று சிறையைக் காட்டி அவன் வாயைத் திறப்பது வேறு. முன்னது பொருளின்மேற் செல்லும் ஆட்சி. பின்னது உள்ளத்தின்மேற் செல்லும் ஆட்சி. இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள கோட்டை இந்திய நடுவணரசு சட்டத்தாலேயே அழித்து வருகின்றது.

கமுக்கம் காத்தல் மேலைநாட்டார் கற்பித்த புதுமையன்று. காரைக்குடி நகரத்தார் வீடுகளைக் காண்க. ஒரே கூரையின்கீழ்ப் பல புள்ளிகள் வாழ்ந்தன. மணமான மகனை ‘வேறு வைத்த’பின், வளவையொட்டிய அறை அவனுக்கென ஒதுக்கப்பட்டது, அதன் பூட்டும் திறவுகோலும் அவனுடையவையே. ஒன்றி வாழ்தல் வேறு, ஒளிவிடமின்றி வாழ்தல் வேறு என்பதைச் செட்டிநாடு கட்டடத்திலேயே பொறித்து வைத்தது.

மொழியிலும் அவ்வாறே. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கப் பேசும் இதனைக் குழூஉக்குறி எனப் பெயரிட்டுத் தகுதி வழக்குள் ஒன்றாக ஏற்றது நன்னூல், குற்றமென்று தள்ளவில்லை. இன்றைய கணினியும் கைப்பேசியும் எழுத்தைக் கணக்கியலால் மறைகுறியாக்கி, திறவுகுறி உடையார்க்கன்றிப் பிறர்க்கு விளங்காமற் செய்வதும் அதன் வளர்ச்சியே. வணிகன் பேரேடும், நோயாளி மருத்துவர்க்கு எழுதும் மடலும், வழக்குரைஞர் குறிப்பும் இன்று அதனுள்ளேதான் அடங்கியுள்ளன.

இனிச் சட்டத்தைக் காண்க. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு 2008இல் திருத்தப்பட்டு, 27.10.2009 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆணை பெற்ற நிறுவனமோ, பயனரோ, கணினிக்குப் பொறுப்பானவரோ மறைகுறியை அவிழ்க்க உதவுதல் வேண்டும். மறுத்தால் ஏழாண்டு வரை சிறை, தண்டத்தொகையும் உண்டு. அதே நாளில் வெளியான விதிகள், திறவுகுறியை வைத்திருப்பவர் அதனை வெளியிடவோ அவிழ்த்துத்தர உதவவோ வேண்டுமென்கின்றன. 20.12.2018 அன்று வருவாய்ப் புலனாய்வு முதல் தில்லிக் காவல்துறை வரை பத்து அமைப்புகட்கு இப்பிரிவின்கீழ் இயங்கும் உரிமை வழங்கப்பட்டது.

ஆணையிடுபவர் யார்? உள்துறைச் செயலர். அவ்வாணையை மறு ஆய்வு செய்வோர் யார்? அவரையொத்த செயலர்களே! இடையில் ஒரு நடுவரேனும் இல்லை. வேலியும் பயிரும் ஒருவர் கையிலேயே இருந்தால், மேய்ந்ததை யார் கேட்பது?

வணிகர் ஊர்க்கு மற்றொன்றும் உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், திறவுகோல் கிடைக்காவிடத்துப் பெட்டியின் பூட்டை உடைக்க அலுவலர்க்கு ஒப்புதலளித்தது. அதற்கு மாற்றாக 1.4.2026 முதல் செயற்படுமாறு இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் 247ஆம் பிரிவோ, தேடுதலின்போது கணினியின் நுழைவுக்குறியையே பெயர் சுட்டிக் கேட்கின்றது.

‘நாட்டைக் காக்க வேண்டாவா?’ என வினவுவர். வேண்டும். ஒற்றாடலுக்கென வள்ளுவர் பத்துக் குறள் வகுத்தார். ஆயின் ஒற்றென்பது அரசு தானே முயன்று அறிவது; குடிமகனை அவனுக்கெதிராகவே ஒற்றனாக்குவதன்று.

அரசமைப்பின் 20ஆம் உறுப்பு, குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தமக்கெதிராகச் சான்றளிக்க வற்புறுத்தலாகாது என்கின்றது. விரற்பதிவு எடுத்தல் இதற்குள் அடங்காதென 1961இல் உச்ச முறைமன்றம் கூறியது. மருந்தூட்டி உண்மை கக்கச் செய்யும் ஆய்வை ஒருவர் ஒப்புதலின்றி நடத்தலாகாதென 2010இல் அதுவே தீர்த்தது. கடவுச்சொல் இவ்விரண்டனுள் எதன் பக்கம்? அது சான்றுரையாகாதெனக் கருநாடக உயர் முறைமன்றம் 2021இல் கூறியது; வற்புறுத்த முடியாதெனத் தில்லியின் தனி முறைமன்றம் ஒன்று 2022இல் கூறியது. ஒரு நாடு, ஒரு சட்டம், இரு விடை!

விடை அரிதன்று. விரல்வரி உடலின்மேல் உள்ளது, காண்பார் காணலாம். கடவுச்சொல்லோ நினைவிலன்றி வேறெங்குமில்லை. அதனை வெளிப்படுத்துதல் பேச்சேயாகும். மேலும், மறந்தவனையும் மறைத்தவனையும் எந்தக் கருவி பிரித்தறியும்? மறதிக்கும் ஏழாண்டோ? இங்கிலாந்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டங்கூடத் திறவுகுறி தர மறுப்பார்க்குப் பொதுவாக ஈராண்டும், நாட்டுப் பாதுகாப்பு முதலிய வழக்குகளில் ஐயாண்டுமே உச்ச அளவாக வகுத்தது.

தமிழர் கேட்க வேண்டுவன மூன்று. நடுவரின் எழுத்தாணையின்றித் திறவுகுறி கேட்டல் கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் வாயைச் சிறைகாட்டித் திறத்தல் கூடாது. மறந்தாரைத் தண்டித்தல் கூடாது. தனிமறைவு அடிப்படை உரிமையென 2017இல் ஒன்பது நடுவர் ஒருமித்துத் தீர்த்தனர். அத்தீர்ப்பு ஏட்டில் உறங்க, திறவுகோல் மட்டும் தில்லிக்குச் செல்லுமாயின், அவ்வுரிமை பூட்டில்லாக் கதவே!